கனகமணி கழுத்துல ஏறாத தாலி

உ

மாப்பிள்ளையூரணி
விய வருஷம் சித்திரை மாசம் 6ந் தேதி

கொழும்புக் கடையில இருக்கும் மகன் சிவசுப்பிரமணியனுக்கு அப்பா செந்தூர்பாண்டி ஆசீர்வாதம். இங்கன நானும் ஒங்க அம்மாவும் தங்கச்சி வடிவம்மாளும் செவலை மாடும் செந்திலாண்டவன் துணையால சொகமா இருக்கோம், அங்கன நீ நேரத்துக்குச் சாப்பிட்டு வாரத்துக்கு ஒருக்கத் தலையில எண்ணெய் வச்சு சொகமா இருக்கேன்னு ஒன் கையெழுத்துல ஒரு வரி வந்தாத்தான் எங்களுக்குச் சோறு எறங்கும். நமக்கு எழுத்து வராதுங்கது ஒனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுத் தேவபிரசாதம் வாத்தியார்தான் எழுதுதாரு, நான் வாயால சொன்னதுல ஒரு எழுத்தக்கூட மாத்தப்படாதுன்னு சொல்லி உக்காத்தி வச்சிருக்கேன்.

ஒன் கடுதாசி வந்து சேந்துது. வாத்தியார் வாசிக்கும்போதே ஒன் கோவம் எனக்குக் காதுல கேட்டுது. தங்கச்சி கல்யாணம்னு ரெண்டு தடவ லீவு கேட்டு, ரெண்டு தடவயும் வேண்டாம்னு சொல்லி மொதலாளி முன்னால தலைகுனிஞ்சு நின்னேன், ரெண்டாவது தடவ பெட்டியக் கட்டிக் கப்பலுக்குப் போற வழியில வராதேன்னு தந்தி வந்துது, அங்கன என்ன கூத்துதான் நடக்குன்னு கேட்டிருக்க. ஞாயமான கேள்விதான் மக்கா. கூத்துதான் நடந்துது. மாப்பிள்ளை மாடக்கண்ணு மேல ஒரு கொறையும் கெடையாது, தங்கமான பய, மில்லர்புரத்துல அவன் கடைக்குப் போனா மாமா மாமான்னு பலகையத் தொடச்சுப் போட்டு உக்கார வைக்கான். ஒன் தங்கச்சி மேலயும் கொறை இல்ல. ரெண்டு தடவ கல்யாணத்த நிறுத்துனது ஒரு நாடகக் கம்பெனிக்காரன். சிரிக்காதல, முழுசாக் கேளு, எனக்கு வயிறு இன்னும் எரியுது.

பொங்கல் முடிஞ்ச மறுவாரம் மில்லர்புரம் மைதானத்துல ஒருத்தன் கொட்டகை போட்டான். பதினஞ்சு நாளைக்கு ‘கனகமணி கல்யாணம்’ நாடகம்னு வண்டியில மோளம் அடிச்சு நோட்டீஸ் குடுத்துட்டுப் போனான். வந்தவன் பதினஞ்சு நாள் ஆடிட்டுப் போயிருந்தா நான் எதுக்கு வாயத் தொறக்கப் போறேன்? மொத வாரம் நானும் ஒங்க அம்மாவும் போய்ப் பாத்தோம், நல்லாத்தான் இருந்துது. அந்த ராசகுமாரன் வேஷம் கட்டுன பயலுக்கு என்ன கொரலு தெரியுமா, கடைசி வரிசையில சுண்டல் விக்கவனும் சுண்டல மறந்துட்டு நின்னான். கனகமணின்னு ஒரு ஏழப் பிள்ளை, அவளக் கட்டணும்னு ராசகுமாரன் நிக்கான், சித்தப்பன்காரன் தடுக்கான், அவ்வளவுதான் கதை. பதினஞ்சாம் நாள் ‘இன்றே கடைசி’ன்னு செவப்பு நோட்டீஸ் வந்துது. அன்னைக்குக் கல்யாணக் காட்சி. மணவறை போட்டாச்சு, ராசகுமாரன் தாலியக் கையில எடுத்தாச்சு, கொட்டகையில உள்ள பொம்பளைய எல்லாரும் கண்ணத் தொடைக்காங்க. அப்பம் ஒரு சேவகன் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து, நிறுத்துங்கள்னு கத்துதான். மணியடிச்சுத் திரையை விட்டுட்டான். மறுநாள் வெடிஞ்சா வண்டிக்காரன் வாரான், பொதுமக்கள் விருப்பத்துக்காக இன்னும் பத்து நாளுன்னு. எந்தப் பொதுமக்கள்ல போய் அவன்கிட்டக் கேட்டாங்க? நான் பொதுமக்கள் இல்லியா? என்கிட்ட ஒருத்தனும் கேக்கலியே.

இங்கனதான் ஒங்க அத்தை சுடலைமாடத்தி வாரா. மாடக்கண்ணுவப் பெத்தவ, எனக்குத் தங்கச்சி மொறைங்கது ஒனக்கே தெரியும். அவ மூத்த மக செல்லக்கனிக்கு நடந்தத நீ மறந்திருக்க மாட்ட. ஜப்பான்காரன்கிட்டச் சிங்கப்பூர் விழுந்த மாசம், மேளக்காரன் நாயனத்த வாயில வச்சாச்சு, தாலி தட்டுல இருக்கு, சைக்கிள்ல ஒருத்தன் வந்து எறங்கி, மாப்பிள்ளைக்கு அண்ணன் சிங்கப்பூர்ல இருந்தானே குண்டு விழுந்து அவன் தெருவே இல்லாமப் போச்சாம்னு சொன்னான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திச்சுப் போனாங்க, போனவங்க திரும்பவே இல்ல. நாலு வருஷமா செல்லக்கனி வீட்டுலதான் இருக்கா, எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போறதில்ல, போனாலும் வாயத் தொறக்கதில்ல. அந்தத் தாய்க்காரி போய்க் கொட்டகையில உக்காந்துக்கிட்டு, தாலியக் கையில எடுத்த முகூர்த்தம் நின்னு போறதக் கண்ணால பாத்துட்டா. மறுநாள் காலையில நம்ம வீட்டு வாசல்ல நிக்கா. அண்ணாச்சி, நான் ஒரு நின்ன கல்யாணத்தப் பெத்த மகளுக்குப் பாத்தவ, இப்பம் ரெண்டாவது ஒண்ணப் பாத்துட்டேன், அந்தக் கனகமணி கழுத்துல ஏறாம என் மகன் கையால தாலி எடுக்கப்படாதுன்னு சொன்னா. நான் சொன்னேன், ஏளா தங்கச்சி, அது பித்தளைத் தாலி, அந்தப் பிள்ளைக்கு ஊர்ல புருசனும் ரெண்டு பிள்ளைகளும் இருக்குன்னு. அவ சொல்லுதா, பித்தளையோ பொன்னோ முகூர்த்தம் முகூர்த்தம்தான அண்ணாச்சின்னு. அழுதுட்டா. அழுத பொம்பளைகிட்ட என்னத்தப் பேச? சரி, பத்து நாள்தான, தை இருபத்தெட்ட மாசிக்குத் தள்ளுவோம்னு சொல்லி ஒனக்குக் கடுதாசி போட்டேன். நான் செஞ்ச தப்பு அதுதான், பத்து நாள்னு நம்பினேன் பாரு.

அந்தப் பத்து நாள் பங்குனி வரைக்கும் போச்சுன்னா நீ நம்புவியா? ஓடி வந்த சேவகன் என்ன சேதி கொண்டாந்தான்னு சொல்லவே நாலு நாள் எடுத்தான். அப்புறம் கனகமணியப் பாம்பு கடிச்சுது. பாம்புக்கடி எறங்குனா அவளுக்குப் பழசெல்லாம் மறந்து போச்சு. பழசு ஞாபகம் வந்தா ராசகுமாரன் காணாமப் போயிட்டான். மொத வாரத்துல வெட்டிக் கொன்ன சித்தப்பன்காரன் மாசி மாசத்துல மீசைய முறுக்கிட்டுத் திரும்ப வாரான், எப்பிடி வந்தான்னு ஒருத்தனும் கேக்கல. நடுவுல அந்தக் கொரல் உள்ள பய கோவிச்சுக்கிட்டு மதுரைக்கு ரயில் ஏறிட்டானாம், ஒரு ஆளு வந்து இன்று முதல் இவரே ராசகுமாரர்னு சொல்லிட்டுப் போறான், பாத்தா அம்பது வயசு, தொந்தி மணவறையில இடிக்குது. இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்ப. மீன்காரி பிலோமினா இருக்காளே, நெத்திலி குடுக்க வந்தான்னா கூடைய எறக்கி வச்சுட்டு மொத நாள் கதைய முழுசும் ஒங்க அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் மீன நிறுப்பா, மாதாவே அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது வராதான்னு நெஞ்சுல கைய வச்சுக்கிடுவா, அதுக்குள்ள மீன் பாதி நாறிரும். முத்துச் சிலாபம் இருக்கே, வருஷா வருஷம் சர்க்கார் ஆளுங்க கடலுக்குள்ள சிப்பி கெடக்க பாருக்குப் போய்ச் சிப்பிய எடுத்துப் பாத்துட்டு, முத்து வெளையல, இந்த வருஷம் முத்துக்குளிப்பு இல்லன்னு மொகத்துக்கு நேர சொல்லிருதாங்க. இல்லாதத இல்லைன்னு சொல்லுத மனுசன் மேல எனக்கு வருத்தம் கெடையாது. இவன் அப்பிடியா? ‘இன்றே கடைசி’ன்னு பொய்யா ஏழு நோட்டீஸ் போட்டான் மக்கா, ஏழு. அத்தனையையும் நான் வாங்கி மாடாக்குழியில சொருகி வச்சிருக்கேன், ஒண்ண இந்தக் கவருக்குள்ள வச்சிருக்கேன், நீயே பாரு, ஒன் மொதலாளிகிட்டயும் காட்டு, நம்ம பேச்சு தவறுன ஆளுங்க இல்லைன்னு அவருக்குத் தெரியட்டும்.

மாசி இருபத்தினாலு தேதியும் இப்பிடித்தான் போச்சு. திரும்பவும் தாலியக் கையில எடுத்தான், திரும்பவும் சேவகன் ஓடியாந்தான், சுடலைமாடத்தி திரும்பவும் நம்ம வாசல்ல நின்னா, ஒனக்குத் தந்தி குடுத்தேன். வடிவு கல்யாணத்துக்கு எடுத்த சேலைய மடிச்சுப் பெட்டிக்கு அடியில வச்சிட்டுப் போய்த் தண்ணி எறைச்சா. நம்ம உப்புக் கெணத்துல அவ்வளவு தண்ணி எதுக்குன்னு ஒங்க அம்மா கேட்டா, சும்மான்னு சொல்லி எறைச்சுக்கிட்டே நின்னா. அதப் பாத்த பெறகு எனக்குப் பொறுக்கல. நேரா மில்லர்புரம் போய்க் கம்பெனி மொதலாளியப் பிடிச்சேன். ஓய், ஒம்ம தாலி ஏறாததுனால என் மக கழுத்துல தாலி ஏறலவேன்னு எல்லாத்தையும் சொன்னேன். அந்த ஆளு வெத்தலையத் துப்பிட்டுச் சிரிக்கான். அண்ணாச்சி, ஒம்ம சம்பந்தியம்மா ஒருத்தியா, இந்த வட்டாரத்துப் பொம்பளைய அம்புட்டுப் பேரும் அந்தத் தாலி எப்பம் ஏறும்னுதான வந்து உக்காருதாங்க, ஏத்திட்டா நாளைக்கு ஆரு வருவா, அதுவும் கல்யாணம் முடிஞ்சா மங்களம் பாடணும், மங்களம் பாடிட்டா இந்த ஊர்ல திரையத் தூக்கப்படாது, கொட்டகையப் பிரிச்சிறணும், அது எங்க தொழில் கட்டுன்னு சொன்னான். நான் துண்டத் தோள்ல போட்டுட்டு வந்துட்டேன். ஆனா அவன் சொன்ன கடைசி வார்த்தை என் மண்டைக்குள்ள நின்னுக்கிட்டு.

பங்குனிக் கடைசியில எட்டாவது ‘இன்றே கடைசி’ வந்துது. நானும் ஒங்க அம்மாவும் போனோம், பிலோமினாவும் வந்தா, சுடலைமாடத்தி செல்லக்கனியையும் கையப் பிடிச்சுக் கூட்டியாந்திருந்தா. பொம்பளைய பக்கத்துல உக்காந்திருந்த சுடலைமாடத்தி முந்தானையில ஒரு முடிச்சு இருந்துது, கவனிச்சேன், என்னன்னு அப்பம் வெளங்கல. மணவறை வந்துது. தொந்தி ராசகுமாரன் தாலியக் கையில எடுத்தான். நான் பக்கத்துத் திரையப் பாக்கேன், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல அந்தச் சேவகன் நெழலு தெரியுது, ஓடியாறதுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டுதான். எந்திச்சேன் மக்கா. மார்கழி பஜனையில வருஷா வருஷம் நான் பாடுத மங்களம் இருக்கே, அத எடுத்தேன், பதனி விக்கையில குடத்த வச்சுக்கிட்டு இங்கன இருந்து நான் கூப்பிட்டா புதுக்கோட்டை ரோட்டுல வண்டி நிக்கும்னு ஒங்க அம்மா சொல்லுவாளே, அந்தக் கொரல்லயே எடுத்தேன். எவம்ல அதுன்னு முன்னால ஒருத்தன் திரும்புனான். ஒரு வரி பாடி முடிச்சு மூச்சு வாங்குதேன், ஒத்தையா நிக்கமேன்னு எனக்கே கூச்சம் வந்துட்டு. அப்பம் பொம்பளைய பக்கத்துல இருந்து ஒரு கொலவை. ஆருன்னு நெனைக்க? செல்லக்கனி. நாலு வருஷமா மூடி வச்சிருந்த வாயி. ஒத்தக் கொலவை கேட்ட ஒடனே அம்புட்டுப் பொம்பளையளும் போட்டாங்க பாரு, கொட்டகைக் கீத்து நடுங்குது. கொலவை கேட்டா மேளக்காரன் கை சும்மா இருக்குமா, மிருதங்கக்காரன் கெட்டிமேளம் தட்டிட்டான், ஆர்மோனியப் பெட்டி வாசிக்க பெரியவர் என் மங்களத்தப் பிடிச்சுக்கிட்டாரு, கெட்டிமேளம் கேட்ட ராசகுமாரன் என்ன செய்வான், பதறிப் போய் மூணு முடிச்சையும் போட்டுட்டான். அதுக்கப்புறம் சேவகன் ஓடி வந்து நிறுத்துங்கள்னு கத்துதான். ஏலே, தாலி ஏறிட்டு, நீ போய்ப் பந்தியில உக்காருன்னு பின்னால இருந்து ஒருத்தன் சொன்னான், சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாச்சு.

மொதலாளி முண்டா தட்டிக்கிட்டு என்னப் பாக்க வந்தான், நாளைக்கு ஆட்டம் உண்டு, அதுல இது கனவுன்னு வச்சுக்கிடுவேன்னு கத்துதான். பெட்டி வாசிக்க பெரியவர் பெட்டிய மூடிட்டாரு. மங்களம் பாடியாச்சு மொதலாளி, இந்த ஊர்ல இனி என் வெரலு இதுல படாதுன்னு சொல்லிட்டாரு. அவருக்கும் மூணு மாசமா ஒரே பாட்டு வாசிச்சு வெரலு ஓஞ்சிருக்கும், என்னப் பாத்து லேசாத் தலைய ஆட்டுனாரு. நான் திரும்பிப் பாத்தா சுடலைமாடத்தி மேடைக்குக் கீழ போய் நின்னு முந்தானை முடிச்ச அவுக்கா. மஞ்சளரிசி. மூணு மாசமா அந்த அட்சதைய முடிஞ்சுக்கிட்டே கொட்டகைக்கு வந்திருக்கா மக்கா, நாளும் மாத்தி மாத்திப் புதுசா முடிஞ்சு. பாதிய எடுத்து அந்தத் தொந்தி ராசகுமாரன் தலையிலயும் கனகமணி தலையிலயும் போட்டா. பாதியத் திரும்ப முடிஞ்சுக்கிட்டு என்கிட்ட வந்து, அண்ணாச்சி, இது வடிவுக்கு, வைகாசியில நாள் பாத்துருங்கன்னு சொன்னா. எனக்கு அவ மேல இருந்த கோவம் அங்கனயே போச்சு. கம்பெனிக்காரன் மேல உள்ளது போகல, போகவும் போகாது.

வைகாசி ஒம்பது, புதன்கிழம, நம்ம வீட்டுல வச்சுத்தான். ஒன் மொதலாளிகிட்டக் கடைசித் தடவையா நான் கேட்டேன்னு சொல்லு, இது நாடகக்காரன் கடைசி இல்ல, செந்தூர்பாண்டி கடைசின்னு சொல்லு. ஒரு வாரம் முன்னாலயே கப்பல் ஏறு, ஏன்னா ஒண்ணு சொல்லணும், அந்தப் பய கொட்டகையப் பிரிச்சு நேரா புதுக்கோட்டையில கொண்டு போட்டிருக்கான், ‘கனகமணி மறுவீடு’ன்னு நோட்டீஸ் வந்துட்டு, பதினஞ்சு நாளாம். மாமியார் வீட்டு வாசப்படியில காலெடுத்து வைக்கையில என்னத்த ஓட விடப் போறானோ. மாடக்கண்ணுகிட்ட வெவரமாச் சொல்லிட்டேன், ஒங்க அத்தை புதுக்கோட்டைக்கு வண்டி கட்டச் சொன்னா மாட்டுக்குக் காலு நோவுன்னு சொல்லணும்னு. கல்யாணத்துக்கு மொத கொலவை செல்லக்கனிதான் போடணும்னு வடிவு வீடு தேடிப் போய்க் கேட்டுட்டு வந்திருக்கா, அவளும் சரின்னுட்டா. பெட்டிக்கு அடியில கெடந்த சேலைய எடுத்து நேத்து வெயில்ல போட்டா.

வாரப்ப அம்மாவுக்கு அந்தக் கண்ணுக்கு விடுத மருந்து மறந்துறாத, வெள்ளக் குப்பியில உள்ளது. மழத் துளியில நனையாத, கப்பல்ல வெறும் வயித்தோட நிக்காத. நீ எங்கன நின்னாலும் செந்திலாண்டவன் ஒன் பக்கத்துல நிக்கட்டும், ஒன் கை எடுத்த காரியம் பாதியில நிக்காம முழுசா முடியட்டும்.

இப்படிக்கு,
ஒன் வரவ எதிர்பாத்து வாசல்ல நிக்கும் அப்பா,
அ. செந்தூர்பாண்டி (கைநாட்டு)

ஒங்க அம்மா சீனித்தாய் சொன்னது: தம்பி, நான் ஒண்ணும் சொல்லல, வா.