அந்த ரோஸ் நெயில் பாலிஷ் யாருடையது?

என்னங்க, என் அப்பாவி மனுஷரே,

நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் உங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "நாலு வரி போதும்க்கா, போட்டோவைப் பெரிசாப் போட்டுடலாம்" என்றார் செயலாளர். நாலு வரியில் உங்களை முடித்துவிட்டு மீதி இடத்தில் எந்த நகைக்கடை விளம்பரத்தைச் சொருகப் பார்க்கிறாரோ! அதனால் பக்கம் முழுக்க நானே எழுதுகிறேன். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. ஊரே படித்தாலும் பரவாயில்லை.

முதலில் வீட்டு நிலவரம். நம் மகள் நித்யாவுக்குப் பரீட்சை நடக்கிறது. அது முடிந்ததும் திருச்சிக்குக் கிளம்ப வேண்டும். உங்கள் விசாவில் இருந்தவர்கள்தானே நாங்கள், நீங்கள் இல்லாமல் எத்தனை நாள் இருக்க விடுவார்கள்? பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. போகாமல் நிற்பது உங்கள் பழைய காரும், மெக்கானிக் யூசுஃப் பாய் ஷெட்டில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்த அந்த எஞ்சினும்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த இந்த மனிதருக்கு அமெரிக்க மஸில் கார் மேல் ஒரு பைத்தியம். இரண்டே கதவு, நீள மூக்கு. எஞ்சின் இல்லாத கூடாக ஷார்ஜா ஸ்கிராப் யார்டில் கிடந்ததை வாங்கி வந்தார். அதற்கு 'பிக் பிளாக்' என்கிற எட்டு சிலிண்டர் ராட்சச எஞ்சினைக் குறைந்த செலவில் தானே கட்டப்போவதாக ஒரு வெள்ளிக்கிழமை சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே அறிவித்தார்.

"பந்தயத்துக்கா போறேன்? தெருவுல ஓட்டணும், ஆகஸ்ட் வெயில்ல சூடேறாம நிக்கணும், பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல ஓடணும். அவ்வளவுதான் ராஜி" என்றீர்கள். பளபளக்கும் மூடி வேண்டாம், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டிலும் பந்தயக்காரர்களுடையது வேண்டாம், வெளியே மிச்சம் பிடித்து உள்ளே லேத் வேலைக்குச் செலவழிப்போம் என்றீர்கள். அந்தக் கொள்கை எனக்குப் பிடித்திருந்தது. ஆளைத்தான் நம்ப முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர் நீங்கள். அதனால்தான் நானும் கூடவே வந்தேன்.

புஜைராவில் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த யார்டு ஞாபகம் இருக்கிறதா? "டிரக் எஞ்சின் ஸார், ஒரே ஓனர்" என்று அரைகுறைத் தமிழில் ஒருவன் எஞ்சினைக் காட்டினான். நீங்கள் வாயைத் திறந்ததுமே விலையைக் குறைத்தான். கேட்டதும் குறைக்கிறவனை நான் நம்புவதில்லை. எஞ்சினில் தண்ணீர் ஓடும் துளைக்குள் விரலை விட்டு, ஒட்டிக்கொண்டு வந்த வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"ஐயோ, என்னடி பண்றே!" என்று பதறினீர்கள்.

உப்பு! "ஏம்ப்பா, இந்த டிரக் கடல்லயா ஓடிச்சு?" என்று கேட்டேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! படகு எஞ்சின்தான் என்று அப்புறம் ஒத்துக்கொண்டான். விலை இன்னும் இறங்கியது, நீங்கள் விழுந்துவிட்டீர்கள்.

யூசுஃப் பாய் ஷெட்டுக்குக் கொண்டுவந்து திறந்த பிறகுதான் அடுத்த குட்டு வெளிப்பட்டது. அந்தப் படகில் இரண்டு எஞ்சின். ஒன்று வலப்பக்கம் சுற்றினால் இன்னொன்று இடப்பக்கம் சுற்றுமாம், படகு ஒரு பக்கமாக இழுக்காமல் இருக்க. நமக்கு வாய்த்தது எதிர்ப்பக்கம் சுற்றியது! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீங்களோ சிரிக்கிறீர்கள். "கேம்ஷாஃப்டையும் ஸ்டார்ட்டரையும் மாத்தினா நேரா சுத்தப் போவுது. எப்படியும் மாத்தத்தானே போறோம்?" லேத் ஷாப்பில் உப்பைக் கழுவி, பிரஷர் ஏற்றிச் சோதித்து, தாங்கும் என்று சொன்னார்கள். அதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் நம்பினேன்.

என் இட்லிப் பானையில் போல்ட்டுகளை வேகவைத்தீர்கள். அந்தப் பானையில் அதற்குப் பிறகு இட்லி ஊற்றவே இல்லை, தெரியுமா? நீங்கள் ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்குவீர்கள், போதுமான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்னும். உடனே நான் அதை வாங்கி மறுபடி வைத்துப் பார்ப்பேன். டிக் என்று கேட்ட பிறகுதான் என் மெரூன் நெயில் பாலிஷால் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு இழுப்பேன். பிறகு யார் திருகினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு 'சந்தேகக் கோடு' என்று பெயர் வைத்து யூசுஃப் பாயிடமும் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் சண்டை. எஞ்சினின் பின்பக்கம் எண்ணெய் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார்களே, அந்த சீல். படகு சாமான் கடையில் வாங்கி வந்தீர்கள். அதன் விளிம்பில் சாய்வாகச் சின்னச் சின்னக் கோடுகள். "எண்ணெயை உள்ளே தள்ளத்தானே இந்தக் கோடு? எதிர்ப்பக்கம் சுத்தறதுக்குச் செஞ்ச சீலா இருந்தா எண்ணெயை வெளியே தள்ளாதா?" என்று கேட்டேன்.

"ரப்பருக்கு இடம் வலம் எல்லாம் தெரியுமாடி? உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்" என்று சொல்லி, அதன் மேல் கேப் என்கிற இரும்பு மூடியை வைத்து இறுக்கிவிட்டீர்கள். நானும் கோடு போட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அடியில் எண்ணெய்த் தொட்டியை மாட்டி மூடினோம். அடுத்த மாதம் காரில் ஏற்றலாம் என்றிருந்தோம். அதற்குள் டியூட்டியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு போன் கூட இல்லை. இப்படியா செய்வார்கள்?

கம்பெனி டிரைவர் உங்கள் தினசரிக் காரைக் கொண்டுவந்து விட்டார். சாவியைக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. டேஷ்போர்டைத் திறந்தேன். மூக்குக் கண்ணாடிக் கூடு, மிட்டாய் டப்பா, அதற்குப் பின்னால் ஒரு நெயில் பாலிஷ் குப்பி. ரோஸ் நிறம். திறந்து உபயோகித்தது.

நான் ரோஸ் பூசுவதில்லை. பூசியதே இல்லை.

"எனக்கு வாங்கியிருப்பாரும்மா, சர்ப்ரைஸ்" என்றாள் நித்யா. "உனக்குன்னா பாதி ஏண்டி காலியா இருக்கு?" என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுடைய விரல்களைப் பார்த்தேன். உங்கள் ஆபீஸ் ரிசப்ஷன் பெண் வந்தாள், பாவம், நகம் கடிக்கிறவள். எதிர்ஃப்ளாட் பெண்மணிக்கு மருதாணி. யார், யார் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், உங்களை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அந்த ஒரு இடமும் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

இதற்கு நடுவே அஜ்மானிலிருந்து ஒரு லோக்கல் அரபுப் பையன் காரையும் எஞ்சினையும் சேர்த்துக் கேட்டு வந்தான். என்னை அண்ணி முறை வைத்து 'பாபி' என்று கூப்பிடும் யூசுஃப் பாய் ரொம்ப அவசரப்பட்டார். "பாபி, கொடுத்துடுங்க, கலாஸ், முடிஞ்சுது" என்கிறார். எனக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் எஞ்சின் அவர் ஷெட்டில் கிடந்ததே, உள்ளே இருந்த புதுச் சாமானை உருவிவிட்டுப் பழசைப் போட்டிருந்தால்? வெள்ளிக்கிழமை காலை நித்யாவையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். "எண்ணெய்த் தொட்டியைக் கழட்டுங்க. என் கோட்டைப் பார்க்கணும்."

எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினார். முதல் கேப், மெரூன். அடுத்தது, அதற்கடுத்தது எல்லாம் மெரூன், ஒரு கோடும் உடையவில்லை. கடைசியாக அந்த சீல் இருக்கும் பின் கேப். அதில் என் கோடுகளைச் சுரண்டியிருந்தது. அதன் மேல் புதுக் கோடு.

"பிடிச்சேன் பாருங்க! திறந்திருக்கீங்க!" என்று கத்தினேன்.

யூசுஃப் பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "அல்லா மேல சத்தியமா நான் தொடலை பாபி. சாப் தனியா வந்தாரு. அவரே திறந்தாரு, வேற சீல் போட்டாரு, அவரே மூடினாரு. நீங்க சொன்னதுதான் சரின்னு சிரிச்சாரு. 'ராஜிகிட்ட மூச்சு விடாதே, தெரிஞ்சா ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவா'ன்னாரு."

நம்பவில்லை. டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தேன். கோடு ரோஸ் நிறம். நடுங்கி நடுங்கி, அழித்து அழித்துப் பல தடவை இழுத்த கோடு, பாதிக் குப்பி இதில்தான் தீர்ந்திருக்கிறது. நகத்துக்குப் பூசத் தெரியாத ஆளுடைய கை.

நித்யாதான் முதலில் சிரித்தாள். "அம்மா, அப்பாவுக்கு மெரூன் எது, ரோஸ் எதுன்னே தெரியாதும்மா!" நான் சிரித்தேனா அழுதேனா என்று யூசுஃப் பாயைத்தான் கேட்க வேண்டும், டீ வாங்கி வர ஓடிவிட்டார்.

ஏங்க, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? ஆமாம், சொல்லிக் காட்டத்தான் செய்திருப்பேன். சாம்பாரில் உப்புக் கூடினால் கூட அந்த சீலை இழுத்திருப்பேன். நான் சொன்னதே சரியாகப் போய்விட்டது, இப்போது யாரிடம் போய்ச் சொல்லிக் காட்டுவது?

உங்கள் டார்க் ரெஞ்சை வாங்கி, அந்தக் கேப்பின் ஒவ்வொரு போல்ட்டிலும் வைத்துப் பார்த்தேன். டிக் என்றது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் ரோஸ் கோட்டுக்குப் பக்கத்தில் என் மெரூன் கோட்டை இழுத்தேன்.

அஜ்மான் பையனிடம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் விமானம் ஏறுவதற்குள் எஞ்சின் காருக்குள் ஏறும், முதல் சாவியை நான்தான் திருப்புவேன். பின்பக்கம் தரையில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைப்பேன். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் உங்களைச் சும்மா விடமாட்டேன்.

குப்பியில் மிச்சம் இருந்ததை என் விரல்களில் பூசிக்கொண்டேன். வருகிறவர்கள் இப்போது என் நகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உங்கள் கோட்டையும் சரிபார்த்துவிட்ட,
உங்கள் மனைவி ராஜி