ஜெமனிப் பூட்டு

மார்த்தாண்டம்,
1931 செப்டம்பர், ஞாயிறு

அன்புள்ள மகள் சத்தியபாய்க்கு,

கொழும்பு ஆஸ்பத்திரியில் உன் வேலைக்கும் உடம்புக்கும் கர்த்தர் காவலாயிருப்பாராக. இங்கே எல்லாரும் சுகம், உன் அண்ணன் ஞானசிங் தவிர, அவனுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவன் செய்யும் பூட்டு அந்நியப் பூட்டு என்று நம் ஊர்ச் சுதேசிச் சங்கம் நேற்று மாலை தீர்மானித்துவிட்டது. சங்கத்துக் காரியதரிசி ஜான்ரோஸ் வாத்தியார் தம் வாயால் வாசித்தார், நான் முன் பெஞ்சில் இருந்தேன். சுதேசிப் பொருட்காட்சியில் அவனுக்கு இடம் கிடையாது. அந்நியச் சரக்கு என்ற பேச்சு எழுந்த போன மாதம் முதலே அவன் கடையில் யாரும் கால் வைப்பதில்லை, பட்டறையில் உலை அணைந்து கிடக்கிறது, இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் மூட வேண்டியதுதான் என்று அவனே சொல்கிறான்.

உனக்குத் தெரிந்தது பாதி என்பதால் வரிசையாய் எழுதுகிறேன். கப்பலில் சீமைப் பூட்டு வந்திறங்கியபின் இங்குள்ள பூட்டுப் பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடின, உன் அண்ணனுடையது மட்டும் தப்பியது, காரணம் அவன் தன் பூட்டில் ஜெர்மனியில் செய்தது என்று இங்கிலீஷில் அச்சுக் குத்தியதுதான். நாட்டுப் பூட்டு என்றால் முகம் சுளித்தவர்கள் தக்கலையிலிருந்தெல்லாம் வந்து அதை வாங்கினார்கள். இப்போது நாட்டுச் சரக்குக்கு மதிப்பு வந்ததும், இது என் கையால் செய்தது என்று போய் நிற்கிறான், ஒருவரும் நம்பவில்லை. போன மாதம் சங்கத்தார் சீமைத் துணி கொளுத்தியபோது அவன் பூட்டுகளையும் தீயில் போட்டார்கள், மறுநாள் சாம்பலைக் கிளறி எடுத்துச் சாவி போட்டால் சுகமாய்த் திறந்தன. பாத்தியளா, நாட்டுப் பூட்டுன்னா இதுக்குள்ள உருகியிருக்காதா என்று ஜான்ரோஸ் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

நேற்று ஞானசிங் தன் கடைசிச் சாட்சியை வைத்தான். அச்சில் ஓர் எழுத்து விட்டுப்போய் ஜெர்மனி என்பது ஜெமனி என்று இருக்கிறது. சாரே, ஜெர்மனிக்காரன் தனக்க நாட்டுப் பேரையே தப்பா எழுதுவானா என்று கேட்டான். ஜான்ரோஸ் கொஞ்சம் யோசித்து, ஏலே, இங்கிலீஷ் என்ன அவனுக்க தாய் பாஷையா, அவன் தப்பாத்தான் எழுதுவான், நம்ம ஆளுன்னா ஒழுங்கா எழுதியிருப்பான் என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்குமே ஒரு நிமிஷம் அது சரியென்றுதான் பட்டது. வீட்டுக்கு வந்ததும் உன் மதினி பூங்கனி, பொய் சொன்னப்போ ஊரே நம்பிச்சு, மெய்யச் சொன்னா நாய்கூட நம்பேல்ல, இனி ஜெமனிக்கே போய் கட போடும் என்று கஞ்சிச் சட்டியை ஓசையோடு வைத்தாள், அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

ஆனால் சங்கத் தலைவர் ராஜையன் ஒரு வழி விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை, பொருட்காட்சிப் பந்தலில் எல்லார் முன்னிலையிலும் ஞானசிங் ஒரு பூட்டைச் செய்து, அதே அச்சை அதே பிழையோடு குத்திக் காட்ட வேண்டும். அச்சில்லாத பூட்டு சாட்சியாகாதாம். காட்டிவிட்டால் அவன் சுதேசி, பந்தலில் முதல் கடை அவனுக்கு. ஆகவே சுதேசிப் பந்தலில் உன் அண்ணன் சுதேசி என்று நிரூபிக்க, ஜெர்மனியில் செய்தது என்று சம்மட்டியால் அடிக்க வேண்டும். இதோடு இன்னொன்று. ஜெர்மன் பூட்டு என்று நம்பி வாங்கியவர்களும் அன்று வருகிறார்கள். தேங்காய் வியாபாரி ரத்தினத்தைச் சந்தையில் விசாரித்தேன், தன் கடைப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார், இது அவன் செஞ்சதுன்னு தெரிஞ்சா அவனுக்க வாயிலேயே போட்டுப் பூட்டுவேன் என்றும் சொன்னார்.

மழைக்காலம், நனைந்தபடி வார்டுக்குப் போகாதே. உன் அம்மை அனுப்பிய கருப்பட்டியை எல்லாருக்கும் பங்கு வைத்துத் தீர்த்துவிடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. பந்தல் காரியம் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும், அன்று காலை நாங்கள் குடும்பமாய் ஜெபிக்கிறோம், நீயும் மறவாமல் அங்கே முழங்காலிடு. ஊரார் அவனை நம்ப வேண்டும் என்று கேட்பதா, நம்பக்கூடாது என்று கேட்பதா என்பது உன் அம்மைக்கு இன்னும் முடிவாகவில்லை, நீ பொதுவாக ஜெபி.

உன் அப்பா,
நேசையன்