நாங்கள் போகாத இருநூறு வீடுகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

பேனர் அச்சாகி வந்துவிட்டது. ஆளுயரம். "நூற்றுக்கு அறுபது பேர் திரும்பி வரவில்லை!" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கூடத்தில் விரித்து வைத்து இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "ஏன், செத்துட்டாங்களா?" என்கிறார். இந்த மனிதரோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

சரி, வாசகத்தை மாற்றச் சொல்லலாம். விஷயம் மாறாது. வருடத்தில் மூன்று தடவையாவது எங்கள் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவர்களின் வீடுகளுக்கு நானும் என் ஆறு நர்ஸ்களும் நேரில் போனோம். மாத்திரைகளை எடுத்துப் பார்த்தோம், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தோம், எடை போட்டோம், சாப்பாட்டில் உப்பு கூடினால் சண்டை போட்டோம். அடுத்த ஆறு மாதத்தில் நூற்றுக்கு அறுபது பேர் மறுபடி சேராமல் வீட்டிலேயே நலமாக இருந்தார்கள். இத்தனை வருட வேலையில் நானே யோசித்து நானே தொடங்கியது இது ஒன்றுதான். சுகாதாரத் துறை இயக்குநர் காதுக்குப் போய், எல்லா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகலாம் என்று பேச்சு. தலைகால் புரியவில்லை எனக்கு. இன்றைக்குப் புரியவும் வேண்டாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாத்தனார் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். ஒரு திட்டம் உண்மையிலேயே பலன் தருகிறதா என்று அளந்து சொல்வது அவள் உத்தியோகம். ஊரெல்லாம் கைதட்டி ரிப்பன் வெட்டித் தொடங்குவார்கள். இவள் இரண்டு வருடம் கழித்துப் போய்த் தட்டிப் பார்ப்பாள். கணக்குப்புலி என்று நான் வைத்த பெயர் அவளுக்கும் தெரியும்.

பேனரைப் பார்த்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

இப்படி ஆரம்பித்தாலே கோபித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"நீங்க போகாமலே இருந்திருந்தா இவங்கள்ல எத்தன பேர் நல்லா இருந்திருப்பாங்க?"

"ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவள் விடவில்லை. "நீங்க ஆளைப் பிடிக்கறதே அவங்க ரொம்ப முடியாம கெடக்கறப்ப. அதுக்கப்புறம் நெறைய பேர் தானாவே தேறுவாங்க. காய்ச்சல் எறங்கற நேரத்துல பக்கத்துல யார் நிக்கறாங்களோ, பேரு அவங்களுக்குப் போயிடும்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இவர் என் முகத்தையும் தங்கச்சி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மழை வரும் போல இருக்கு" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

வயிறு எரிகிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 3, திங்கள்

இன்று வார்டு வாசலில் ஒருவர் வணக்கம் சொன்னார். மூட்டை தூக்குகிறவர். போன வருடம் நான்கு தடவை மூச்சுத் திணறலோடு வந்தவர். பட்டியலில் பெயர் இருந்தும் எங்களால் அவர் வீட்டுக்குப் போக முடியவில்லை. கன்னம் உப்பி, ஆள் ஜம்மென்று இருக்கிறார். மச்சானைப் பார்க்க வந்தாராம்.

"உங்களை யார் வீட்டுக்கு வந்து பாத்துக்கறாங்க?" என்று கேட்டேன்.

"என்னை யார் வந்து பாக்கப் போறாங்க சிஸ்டர்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் அறை விழுந்த மாதிரி இருந்தது. ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் அறுபது பேரை வைத்து நான் கட்டின முடிவு மட்டும் எந்த விதத்தில் உசத்தி? சாயங்காலம் கணக்குப்புலிக்கு நானே போன் போட்டேன். "என்ன செய்யணும், சொல்லு."

"அண்ணி, நெஜமாவா?" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 7, திங்கள்

குலுக்கல் நடந்தது. பட்டியலில் நானூறு பேர், நானூறு சீட்டு. கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுத்துவிடும் என்று நாத்தனார் சொன்னதை நர்ஸ்கள் நம்பவில்லை. ஆகவே துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் வாளியைக் கழுவித் துடைத்துச் சீட்டுகளைப் போட்டோம். முதலில் வரும் இருநூறு பேர் வீட்டுக்கு இப்போது போவோம். மற்ற இருநூறு பேருக்கு அதே டாக்டர், அதே மருந்து. வீட்டுக்கு மட்டும் ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதத்தில் எந்தப் பக்கம் எத்தனை பேர் மறுபடி சேராமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் கணக்கு. நானூறு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போக எங்களிடம் ஆளில்லை என்பதும் உண்மை.

மூத்த நர்ஸ் பொங்கிவிட்டாள். "உயிரை வெச்சு சீட்டுக் குலுக்கறதா?"

"இதுக்கு முன்னாடி எப்படிப் பொறுக்கினீங்க?" என்று நாத்தனார் கேட்டாள்.

எப்படிப் பொறுக்கினோம்? பஸ் போகிற தெரு. நாயை அவிழ்த்துவிடாத வீடு. சிரித்த முகத்தோடு கதவைத் திறக்கிறவர்கள், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறவர்கள். தேறக்கூடியவர்களாகப் பார்த்துப் போய்விட்டு, தேற்றிவிட்டோம் என்று மார்தட்டியிருக்கிறோம். வாளி என் நர்ஸ்களைவிட நியாயமாகப் பொறுக்கியது, என்னைவிடவும்.

ரேடியோ அக்கா காத்திருக்கும் பக்கம் விழுந்துவிட்டாள். தையல்காரி. இதயம் பலவீனம், வாய் மட்டும் நிற்காது. எனக்கு உயிர்.

மே 22, வியாழன்

இன்று ரேடியோ அக்கா தெருமுனை வரை போய்விட்டேன்.

போனா என்ன? ஒரு தடவ எட்டிப் பாத்தா என்ன குடி முழுகிடும்? ஒத்த ஆளு அந்த வீட்டுல. காலு வீங்கியிருந்தா யாரு பாப்பா? நான் நர்ஸா, இல்ல கணக்குப்பிள்ளையா? யாருக்குத் தெரியப் போகுது —

எனக்குத் தெரியும். இவளைப் பார்த்தால் இன்னொருத்தியையும் பார்க்கத் தோன்றும். பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், நாங்கள் போவதால் ஏதாவது ஆகிறதா என்பது யாருக்கும் என்றைக்கும் தெரியாது. மூச்சு முட்டினால் உடனே கூப்பிட அவளிடம் ஆஸ்பத்திரி நம்பர் இருக்கிறது. தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது.

ஜூலை 11, வெள்ளி

வார்டில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அவள்தானா என்று பார்க்கிறேன். இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

ஆறு மாதம் முடிந்தது. காலையில் முதல் வேலையாக ரேடியோ அக்கா வீடு.

"வாங்க சிஸ்டர், வாங்க! என்ன, நீங்க வரலன்னு நான் செத்தா போயிட்டேன்?" என்று ஆரம்பித்தவள் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. வீக்கம் இல்லை. மூச்சு சீராக இருக்கிறது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சந்தோஷம்தான். ஆனால் வெளியே வந்ததும் உள்ளே ஏதோ இடிந்தது. நான் இல்லாமலே இவ்வளவு நன்றாக இருக்கிறாளே.

நவம்பர் 2, ஞாயிறு

நாத்தனார் முடிவைக் கொண்டுவந்தாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் எடுத்தாள். அவளுக்கும் பயம் போலிருக்கிறது.

நாங்கள் போன இருநூறு பேரில் வீட்டிலேயே நலமாக இருந்தவர்கள் நூற்றிருபத்திரண்டு. நாங்கள் போகாத இருநூறில் நூறு.

"பாதிப் பேர் தானாவே தேறிட்டாங்க அண்ணி."

அறுபது அறுபது என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதில் ஐம்பது என்னுடையதே இல்லை. காது சூடாகிவிட்டது. இவர் மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

அவள் என் கையைப் பிடித்தாள். "மிச்சத்தப் பாருங்க. இருநூறுல இருபத்திரண்டு பேர், அதாவது நூத்துக்குப் பதினொண்ணு. சும்மா தற்செயலா இவ்வளவு வித்தியாசம் வர்றது அபூர்வம், எல்லா விதமாவும் சோதிச்சுட்டேன். நான் இதுவரைக்கும் பதிமூணு திட்டம் அளந்திருக்கேன். பத்துல ஒண்ணுமே மிஞ்சல. உங்களுது மிஞ்சியிருக்கு." சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

இருபத்திரண்டு பேர்! ஆறு மாதம்! அதை நாங்கள் செய்தோம். நாங்களேதான்.

டிசம்பர் 5, வெள்ளி

இயக்குநர் அலுவலகத்தில் கூட்டம். உள்ளே போகுமுன் அவருடைய உதவியாளர் ஓரமாகக் கூப்பிட்டார். "அந்த அறுபதையே சொல்லிடுங்க மேடம். கேக்க நல்லா இருக்கு. பதினொண்ணுன்னா எல்லா ஆஸ்பத்திரிக்கும் கெடைக்காது."

என் முறை வந்ததும் எழுந்து சொன்னேன். நூற்றுக்குப் பதினொன்று.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "குறைச்சுச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"குறைச்சுச் சொல்லல சார். எங்களுதை மட்டும் சொல்றேன்."

எல்லா ஆஸ்பத்திரிக்கும் இல்லை என்று முடிவாயிற்று. மூன்றுக்கு மட்டும், அங்கேயும் முதல் நாளிலிருந்தே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு. கூட வந்திருந்த மூத்த நர்ஸ் பஸ்ஸில் என் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது, "சிஸ்டர், நீங்க பேசினப்ப எனக்குப் புல்லரிச்சுது" என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என்னை நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தப்பா?

டிசம்பர் 14, ஞாயிறு

கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் பண்ணுகிறவர் கடையை விட்டு இறங்கி ஓடிவந்தார். நாங்கள் ஆறு மாதம் போன வீடு. "நீங்க இல்லன்னா நான் இல்ல சிஸ்டர்" என்று கும்பிட்டார்.

உண்மையாக இருக்கலாம். தானாகத் தேறியவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அந்த இருபத்திரண்டு பேர் யார் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று நாத்தனாரிடம் கேட்டிருந்தேன். "எத்தன பேர்னு சொல்லலாம் அண்ணி. யாருன்னு யாராலயும் சொல்ல முடியாது."

இருக்கட்டும். அவர்கள் இந்நேரம் தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டோ சண்டை போட்டுக்கொண்டோ இருப்பார்கள். அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைத்தெருவில் எதிரே வந்த ஒவ்வொருவரையும் கொஞ்சம் உரிமையோடு பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.