தலைகீழ் யானை

ஞாயிற்றுக்கிழமை, இரவு

இன்று சர்ச் ஹாலில் செஸ் ஃபைனலில் ஜெயித்தேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது.

எதிரே ஆடியது ஆஸ்டின் டவுன் பிரகாஷ். "ஒரு சிப்பாய்க்கா இவ்ளோ யோசிக்கிறீங்க அக்கா?" என்று பாதி ஆட்டத்திலேயே சிரித்தான். என் குதிரையைக் கொடுத்து அந்தச் சிப்பாயைக் காப்பாற்றினேன். என் ராஜாவையே அதற்குத் துணையாக நடக்கவிட்டேன். கடைசியில் இரண்டு ராஜாவும் அந்தச் சிப்பாயும்தான் மிச்சம். அது கடைசிக் கட்டத்தைத் தொட்டது.

இனி அதை ராணியாக மாற்ற வேண்டும். எங்கள் வீட்டு செட்டில் வெள்ளை ராணி தொலைந்து பல மாதமாகிறது. வேறு செட்டின் யானையைத் தலைகீழாக வைத்துத்தான் நானும் தம்பி ஜோசப்பும் ஆடுகிறோம். அந்தப் பழக்கத்தில் கை தானாக யானையை எடுத்துக் கவிழ்த்து வைத்தது.

"தலைகீழா நின்னாலும் யானை யானைதான். இனி மாத்த முடியாது" என்றார் நடுவர் ஸ்டெல்லா மிஸ்.

பிறகுதான் பலகையைச் சரியாகப் பார்த்தேன். ராணி வைத்திருந்தால் பிரகாஷின் ராஜாவுக்கு செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஆட்டம் டிரா ஆகியிருக்கும். யானை என்பதால் அவனுக்கு ஒரே ஒரு கட்டம் இருந்தது. அங்கே போனான். அடுத்த நகர்த்தலில் செக்மேட்.

"ராணி வேணாம்னு யானை எடுத்தீங்களே, செம மூளை அக்கா" என்று கையைக் குலுக்கினான். நானும் தேங்க்ஸ் சொல்லித் தொலைத்தேன்.

நாளை போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிடுவேன். யானை கை தவறி வந்ததுதான். ஆனால் அந்தச் சிப்பாயை அவ்வளவு தூரம் கூட்டிப்போனது நான். கோப்பையைக் கேட்டால் தர மாட்டேன்.