இஞ்சினுக்கு நீங்கள் கொடுத்த முத்தம்

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். காலைப் பூசைக்கு வரும்போது உங்கள் கல்லறையில் பூச்சாடிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். பக்கத்துக் கல்லறை ஆசீர்வாதம் தாத்தாவிடம்கூட வாயைத் திறக்காதீர்கள். நான் கணக்கில் பெயிலானதைக் கரடியூர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்த மனுஷர் அவர்.

அம்மா கூடத்தில் படுத்திருக்கிறாள். நான் உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அப்பா. உங்கள் பொம்மை ரயில் இஞ்சின் என் எதிரில் மேசைமேல் இருக்கிறது. அதைக் கெடுத்துவிட்டேனோ என்றுதான் பயம்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் செம்மநத்தத்துக்காரர் ஒருவர் அம்மாவை நிறுத்தி, "ஏனுங்க, இந்தக் கிறிஸ்மஸுக்குக் கோயில் குடில்ல ரயிலு ஓடுமுங்களா? பேத்தி கேட்டுக்கிட்டே இருக்குதுங்க" என்றார். நீங்கள் போனது அவருக்குத் தெரியாது போல. அம்மா அப்படியே பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சேலத்து மாமாவுக்குப் போன் போட்டு, அந்த ரயிலைப் பெட்டியோடு எடுத்துப்போய் உன் மகனுக்குக் கொடு என்று சொல்லிவிட்டாள். மாமா நாளை மத்தியானம் வருகிறார்.

நான் அழுது அடம்பிடித்தேன். ரயில் இன்னும் ஓடுகிறது, நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல், "ஓடுனாப் பத்தாது கண்ணு. உங்கப்பா ஓட்டுன மாதிரி பொகைய உட்டுக்கிட்டு ஓடோணும். அப்ப வெச்சுக்கறேன்" என்றாள்.

நீங்கள் போன பிறகு அவள் 'உங்கப்பா' என்று சொன்னது அன்றைக்குத்தான். என் வாயை அடைக்கச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா? எனக்குத் தெரியவில்லை. ரயிலும் போய்விட்டால் இந்த வீட்டில் உங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது அப்பா?

எஸ்டேட் பங்களாவில் நீங்கள் வயரிங் செய்து கொடுத்தபோது, ஊரைக் காலிசெய்து போன பங்களாக்கார அம்மா தந்த பெட்டி அது. இஞ்சின் தலையில் புகை போகும் சிமினிக்குள் எண்ணெய் விட்டால் உள்ளே ஒரு கம்பி சூடாகிப் புகை வரும் என்று சொல்லியிருக்கிறீர்கள். எந்த எண்ணெய் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. டார்ச் பிடிப்பதுதானே என் வேலை.

அதனால் முதலில் அலமாரியில் இருந்த யூகலிப்டஸ் தைலத்தை விட்டேன். நம் ஊரில் தலைவலிக்கும் அதுதான், எறும்புக்கும் அதுதான். இஞ்சினுக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்தேன். கரண்ட் கொடுத்தால் ஒரு துளி புகை இல்லை. வாசம் மட்டும் வீடெல்லாம். அம்மா வந்து முகர்ந்து பார்த்தாள், என் நெற்றியைத் தொட்டாள், சளி என்று முடிவுகட்டிவிட்டாள். போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தாள். உள்ளே உட்கார்ந்து நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. இஞ்சினில் வராத புகை எல்லாம் என் முகத்தில் வந்தது.

தைலம் தீப்பிடிக்கும் என்று பாட்டிலில் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். பஞ்சால் ஒற்றி எடுத்து, மூடுபனி விலகிய மத்தியானங்களில் இஞ்சினைப் பின்பக்கச் சுவர்மேல் காயவைத்தேன். அதற்குப் பிறகுதான் உங்கள் டூல்ஸ் பெட்டியில், இன்சுலேஷன் டேப்புக்கு அடியில், உங்கள் புகை எண்ணெய் கிடைத்தது. மூடியைத் திறந்ததும் கிறிஸ்மஸ் வாசம் அடித்தது. கொஞ்ச நேரம் மூடவே மனசில்லை.

இன்று சாயங்காலம் அம்மா செபக்கூட்டத்துக்குப் போனதும் தரையில் தண்டவாளத்தைப் பூட்டினேன். நிறைய விட்டால் நிறையப் புகை வரும் என்று சிமினி விளிம்பு வரைக்கும் எண்ணெய் விட்டேன். பிறகு நீங்கள் செய்வதைப் போலவே மண்டி போட்டுக் குனிந்து, சிமினிமேல் ஒரு முத்தம் கொடுத்தேன்.

அது இல்லாமல் நீங்கள் ஒரு வருஷமும் ரயிலை ஓட்டியதில்லையே! குடிலுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். நீங்கள் யாரையும் பார்க்காமல் இஞ்சினோடு முகத்தை வைத்துக்கொள்வீர்கள். பாட்டுக் குழு அக்கா ஒருத்தி, "ஏனுங்கண்ணா, ஊட்டுல அக்காளுக்கு இப்படிக் குடுப்பீங்களா?" என்று கேட்க, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பாள். அடுத்த நிமிஷம் குடிலின் மாட்டுக்கொட்டகையைச் சுற்றிப் புகை விட்டுக்கொண்டு ரயில் வரும். உங்கள் முத்தத்துக்குத்தான் புகை வருகிறது என்று சின்ன வயதில் நம்பினேன். இன்றைக்கும் கொஞ்சம் நம்பித்தான் கொடுத்தேன்.

ரயில் ஓடியது அப்பா. விளக்குக்கூட எரிந்தது. புகை மட்டும் வரவில்லை. சிமினிக்குள் களகளவென்று சத்தம் கேட்டது, நெஞ்சுச் சளியோடு மூச்சு விடுவதைப் போல. குனிந்து பார்த்தேன். சூடாக ஒரு துளி என் மூக்கில் தெறித்தது. அவ்வளவுதான். பயந்துபோய் கரண்டை நிறுத்தி, எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அம்மா தூங்கட்டும் என்று காத்திருந்து இப்போது மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே களகள.

கம்பி கருகிவிட்டதா? தைலம்தான் கெடுத்ததா? யாரிடம் கேட்பேன்? உங்களிடம்தானே கேட்க முடியும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். எப்படியாவது புகை வந்துவிட்டால் இந்த வருஷம் குடிலில் நானே ரயில் ஓட்டுவேன். எத்தனை பேர் சிரித்தாலும் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் ஓட்டுவேன். அந்தச் செம்மநத்தத்துப் பேத்தியை எல்லாருக்கும் முன்னால் நிற்க வைப்பேன். வராவிட்டால்

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"தூங்கலையா கண்ணு? எண்ண வாசம் கூடம் வரைக்கும் வருது."

செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் போகவில்லை. கதவோடு ஒட்டி நின்றுகொண்டு மெதுவாகப் பேசுகிறாள். செல்போனை மறுபடி நிமிர்த்தி, அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் கேட்க வேண்டும்.

"சிமினி முட்ட ஊத்திப்புட்டியா சாமி? உங்கப்பாவும் நொம்ப ஊத்திப்போடுவாரு. ஊத்திப்போட்டு அதுல வாய வெச்சு ஊதுவாரு. அடப்பு உட்டாத்தான் பொகை வரும். ஊரே முத்தமுன்னு சிரிச்சுது. அவருக்கும் எனக்குந்தான் தெரியும். நீ அடுப்பு ஊதற மாதிரி ஊதிப்போடாத. காப்பி ஆத்தற மாதிரி ஊதோணும். தொற, நான் ஊதிக் காட்டறேன்."

அப்பா, அது முத்தமே இல்லையா?

தாழ்ப்பாளைத் திறக்கிறேன். குடிலில் ரயில் ஓடும்.

உங்கள் மகள், கூடவே அம்மாவும்.