தேதிப்படி அடுக்கிய மூன்று படங்கள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை என்றாலும். விடுமுறைக்குப் பத்து நாள் வரட்டுமா என்று போன வாரம் போனில் நீ கேட்டதற்கு, வேண்டாம், ஆய்வேட்டை முடிக்கிற வழியைப் பார் என்று சொன்னேன் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஒரே பையனின் கதையைத் தொடர்ந்து சொல்லும் அந்த மூன்று வங்காளப் படங்களை முதலில் சொல்லியாக வேண்டும், இரண்டும் எனக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

முதல் படத்தை ஒரு ஞாயிறு மதியம் பார்த்தோம். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் வந்திருந்தார். அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவது என்று ஏற்பாடு. எனக்குத் தொடக்கத்திலிருந்தே சந்தேகம், வறுமையை இவ்வளவு அழகாகப் படம்பிடிக்கலாமா, குளத்துத் தண்ணீரில் பூச்சி ஓடுவதைக்கூட ரசிக்க வைத்துவிட்டால் அந்த வீட்டின் பசி என்ன ஆவது என்று உள்ளுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். தையல்காரம்மா அதையே சுருக்கமாக, நம்ம கஷ்டம் பத்தாதுன்னு லீவு நாள்ல இதையும் உக்காந்து பாக்கணுமா என்று கேட்டார், ஆனால் எழுந்து போகவில்லை. அந்த இடிந்த வீட்டில் மழையும் காற்றும் அடிக்கும் காட்சி வந்தபோது அப்பா எழுந்துபோய் மொட்டைமாடிக் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். வெளியே நல்ல வெயில். அவர் ஒழுகுகிற வீட்டில் வளர்ந்தவர் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அதை விவரித்ததில்லை, அன்றும் விவரிக்கவில்லை. என் வாதம் அங்கேதான் ஆட்டம் கண்டது.

அதன் பிறகு ஒரு குளறுபடி. மற்ற இரண்டில் எது முன், எது பின் என்று நீ குறித்து வைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் தண்ணீர் பாட்டில்களைத் தேதிப்படி அடுக்கித்தான் சோதனைக்கு எடுப்போம், அந்தப் பழக்கத்தில் இதையும் கோப்பின் தேதிப்படி அடுக்கினேன். நீ இரண்டாவதற்கு முன்பே மூன்றாவதை ஏற்றியிருக்கிறாய். ஆக, முதல் ஞாயிறு சிறுவனாக ஓடிக்கொண்டிருந்தவன் அடுத்த ஞாயிறு முழு ஆளாக வாடகை அறையில் தனியாக இருக்கிறான், கல்யாணமும் ஆகிவிடுகிறது, அவனுடைய அம்மாவைக் காணோம். வாசித்த வேகத்தில் நான்தான் ஏதாவது தவறவிட்டேனோ என்னவோ. அம்மா எங்கே என்று நாலு தடவை கேட்டிருப்பேன். ஊர்ல இருப்பா, விடேன் என்றார் அப்பா. புது மருமக வந்திருக்கா, மாமியா எட்டிப் பாக்காம இருப்பாளா, இதுல என்னவோ இருக்குங்க என்றார் தையல்காரம்மா.

பதில் அதற்கு அடுத்த ஞாயிறு, நாங்கள் கடைசியாகப் பார்த்த இரண்டாவது படத்தில் கிடைத்தது. பையன் படிக்க நகரத்துக்குப் போய்விடுகிறான், அவன் அம்மா தன் உடம்பு முடியாததை அவனுக்குத் தெரிவிக்காமல் வழியையே பார்த்துக்கொண்டிருந்து போய்ச் சேருகிறாள். பாதியில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. வா என்று எழுதினால் என்ன குறைந்துவிடும், இது தியாகமில்லை, வீம்பு என்றேன். அப்பா பென் டிரைவைக் கழற்றிக்கொண்டே, போன்ல நீ என்ன சொன்னே என்று கேட்டார். வாசலில் கிளம்பி நின்ற தையல்காரம்மா குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார், செருப்பு காலில்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு உடம்புக்கு எதுவும் இல்லை, நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒப்புமையே கிடையாது என்று மூன்று நாளாக எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருக்கிறேன், நிரூபணம் நிற்க மாட்டேன் என்கிறது. உன் படிப்புக்காகத்தான் வேண்டாம் என்றேனா, அல்லது நான் வா என்று கூப்பிட்டு, கடைசி நேரத்தில் நீ வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலா, எனக்கே தெரியவில்லை. படம் எப்படி என்று கேட்டிருந்தாய். அதுவும் தெரியவில்லை. நல்ல படம் என்றால் பார்த்தவளை இப்படியா நடுவில் விட்டுவிட்டுப் போகும். வரிசை தப்பியதால் எனக்குக் கதை அந்த அம்மாவின் வீட்டு வாசலிலேயே முடிந்துவிட்டது, அதனாலும் இருக்கலாம். ஆய்வகத்தில் முடிவு தெளிவாக இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை, புதிதாகத் தண்ணீர் எடுத்துவரச் சொல்வேன். போனில் சொன்ன பதிலையும் அப்படியே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீ மறுபடி ஒரு தடவை கேள்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு அப்பா, இவ்ளோ எழுதியிருக்கே, எழுத வேண்டிய ஒண்ண மட்டும் காணோமே என்கிறார். சரி. வா. ஆய்வேட்டையும் எடுத்துக்கொண்டு வா, மூன்றையும் சரியான வரிசையில் இன்னொரு முறை பார்க்கலாம். உனக்கு எல்லா நன்மையும் கிடைக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. இந்த முறையாவது கோப்புகளுக்கு எண் போட்டுவிடு.

அன்புடன்,
அம்மா