கண்ணில் வைத்த பொட்டு

அம்மணி,

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் சந்தன வாசம் அடித்தது. கார் ஷாம்பூவின் எலுமிச்சை நெடியோடு கலந்து வந்த சந்தனம். உடுமலைப்பேட்டைக்கு ஏற்ற வேண்டிய கார் கழுவும் மிஷினுக்கு நம் ஆட்கள் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரஷ் சுற்றும் மோட்டார்கள், தண்ணீர் பம்ப், காற்றடிக்கும் புளோயர் நான்கு, பேனல் கதவு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. சென்சார் கண்ணாடிகளுக்கு மட்டும் இல்லை. அங்கே கை வைத்தால் நான் கத்துவேன் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் கத்துகிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். போன ஆடியில் நீங்கள் போன பிறகு எனக்கு மட்டும் தெரிந்ததாகிவிட்டது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு நூல் மில்லில். நூல் அறுந்துபோகாமல் இருக்க மில்லுக்குள் ஈரக்காற்றை ஊத வேண்டும். அதற்கான விசிறிகளை வடிவமைப்பது என் வேலை. அந்த விசிறிகளுக்குப் பேனல் வயரிங் செய்யத் தாராபுரத்திலிருந்து வந்தவர் நீங்கள். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் டெஸ்டர் பிதுங்கும் பை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அன்றைக்கு என் விசிறி தலைகீழாகச் சுற்றியது. வயரிங் தப்பு என்று நான் குதித்தேன். நீங்கள் இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிட்டு, மோட்டார் பெட்டிக்குள் என் ஆள் எழுதி வைத்த அடையாளம்தான் மாறியிருந்தது என்று எனக்கு மட்டும் காட்டினீர்கள். அப்போதே நான் பாடம் படித்திருக்க வேண்டும்.

கூட்டாகத் தொழில் தொடங்கி இத்தனை வருடத்தில் நாம் 'ங்க' போடாமல் பேசிக்கொண்டதில்லை. சண்டை வந்தால் இன்னும் இரண்டு 'ங்க' கூடும். "அம்மணி, உங்க டிராயிங்க நான் பாத்தேனுங்க, நெம்ப நல்லாருக்குதுங்க, ஆனா நடக்காதுங்க" என்று நீங்கள் சொன்னால் அது பெரிய சண்டை என்று பட்டறையில் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள்.

காரைத் தானாகக் கழுவும் மிஷின் செய்யலாம் என்றது நான். கழுவுவது ஒரு பெரிய விஷயமில்லை. பிரஷும் தண்ணீரும் இருந்தால் யாரும் கழுவுவார்கள். துவட்டுவதில்தான் எல்லோரும் சறுக்கினார்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்புத்தண்ணீர். சூடான காற்றை அடித்துக் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு அப்படியே வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். கறுப்புக் காராக இருந்தால் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். காயவைக்கவே கூடாது, சாதாரணக் காற்றை வேகமாக அடித்துத் தண்ணீரை வழித்துத் தள்ளிவிட வேண்டும் என்று நான் பிடித்த பிடியில் நின்றேன். அதற்குக் காற்று வரும் நாசில், காரின் உடம்பை ஒட்டியே போக வேண்டும். பானெட்டில் தாழ்ந்து, முன்கண்ணாடியில் ஏறி, கூரையைத் தாண்டி இறங்க வேண்டும், எப்போதும் ஒரு சாண் இடைவெளியில். அந்த நாசிலை ஏழு தடவை வெட்டி ஒட்டினேன். அப்படி ஒரு நாசிலை இந்த ஜில்லாவில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, நீங்களே ஒத்துக்கொண்டதுதான். "உங்க காத்து நெம்ப நல்ல காத்துங்க. அதுக்குக் கண்ணு வேணுமில்லீங்களா" என்றீர்கள்.

அந்தக் கண்ணில்தான் சண்டை வந்தது. நாசில் காருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மிஷினுக்குத் தெரிய வேண்டும். நான் ஒலியால் அளக்கும் சென்சார் கேட்டேன். அது கீழே ஒலியை அனுப்பும், காரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். நாசில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வளைவுகளில் போகும். நீங்கள் ஒளி சென்சார்தான் என்றீர்கள். நாசிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு ஒளிக்கதிர். அது போய்ச் சேர்ந்தால் நடுவில் கார் இல்லை, நாசில் இறங்கலாம். மறைந்தால் ஏற வேண்டும். படிப்படியாகத்தான் போகும், பார்க்க அழகாக இருக்காது. எனக்கு அழகு முக்கியமாக இருந்தது.

நீங்கள் வாதாடவில்லை. நான் வாங்கி மாட்டிய ஒலி சென்சாரின் முகத்தில் ஷாம்பூ நுரையை ஒரு கை அள்ளி அப்பினீர்கள். கீழே மேசையில் என் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு பட்டனை அழுத்தினீர்கள். ஒலி நுரையிலேயே அடங்கிப்போனது. எதுவும் திரும்பி வராததால், கீழே எதுவுமில்லை என்று நினைத்து நாசில் நிதானமாக இறங்கியது. உள்ளே தக்காளி சாதம் இருந்தது. அன்றைக்கு உங்கள் சாப்பாட்டில் பாதியைத்தான் சாப்பிட்டேன்.

அப்போதும் நான் விடவில்லை. சென்சாருக்கு மூடி போடலாம் என்றேன். ஒளி சென்சாரில் துளி அழுக்குப் பட்டாலும் நாசில் மேலேயே நின்றுவிடும், கார் ஈரமாக வெளியே வரும், நம் பேர் கெடும் என்றேன்.

"ஈரமா வந்தா தொடைச்சுக்கலாமுங்க. எதுவுங் கேக்கலீன்னா கீழ யாருமில்லீன்னு நெனைச்சுக்கற மிஷின நான் வயர் பண்ண மாட்டேனுங்க. தெரியலீன்னா மேல போயிரோணும். இது வேண்டாம்னா நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க" என்றீர்கள்.

வேறு ஆள் எங்கே இருக்கிறார்கள்? நான் இறங்கி வந்தேன். மனசார வரவில்லை. அந்தக் கசப்பு உள்ளேயே கிடந்தது.

முதல் மிஷினைத் துணிந்து வாங்கியவர் கிணத்துக்கடவுக்காரர். பொள்ளாச்சி ரோட்டில் கார் கழுவும் வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தார். தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்று மிஷின் வாங்குகிறார் என்று ஊரில் பேச்சு. திறப்பு விழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. தாராபுரத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் இரண்டு பேர் மிஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் சொல்லி வந்து நின்றார்கள். அந்த இரண்டும் கிடைக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நம் இருவருக்கும் தெரியும்.

விடிந்ததும் நான் குளித்துவிட்டுக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு மிஷின் மேல் ஏறினேன். மில்லில் ஆயுத பூஜைக்கு மீட்டர், கேஜ், சுவிட்ச் என்று வட்டமாக இருக்கும் எதையும் விடமாட்டோம். அந்தப் பழக்கத்தில் நாசிலின் ஓரத்தில் நாலணா அகலத்துக்குக் கறுப்பாகப் பளபளத்த கண்ணாடிக்கும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். அது உங்கள் சென்சாரின் கண் என்பது அந்த நேரம் நினைப்பிலேயே இல்லை. அழகாக இருந்தது. நீங்கள் அப்போது பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றீர்கள்.

முதல் காரில் தன் சம்சாரமும் மகளும் உட்கார வேண்டும் என்று கிணத்துக்கடவுக்காரர் ஆசைப்பட்டார். சம்சாரம் ஸ்டியரிங்கில், எட்டு வயது மகள் முன்சீட்டில். கார் நின்ற இடத்தில் நிற்க, மிஷின் அதன் மேல் நகர்ந்து போனது. நுரை அடித்தது, பிரஷ் தேய்த்தது, தண்ணீர் அலசியது. எல்லாம் கச்சிதம். பிறகு புளோயர்கள் உறுமின. நாசில் உச்சியிலேயே நின்றது. இறங்கவே இல்லை. என் அருமையான காற்று ஒரு ஆள் உயரத்தில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. கார் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க, இதுக்கு மழைல நிறுத்தியிருக்கலாமுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "இந்த சென்சார் வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேனுங்க. இந்தம்மாதான் கேக்கல" என்று அத்தனை பேர் முன்னால் உங்களைக் கை காட்டினேன்.

நீங்கள் ஏணி கேட்டீர்கள். ஏறினீர்கள். கையிலிருந்த பழந்துணியால் எதையோ துடைத்தீர்கள், துணியைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். துணியில் மஞ்சளும் சிவப்பும் நான் நின்ற இடத்துக்கே தெரிந்தன. அதை உள்பக்கமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்து கிணத்துக்கடவுக்காரரிடம் சொன்னீர்கள்: "என் வேலைல ஒரு சின்னப் பிசகுங்க. சரி பண்ணிப்போட்டேன். இன்னொருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்க."

இரண்டாவது ஓட்டத்தில் நாசில் பானெட்டில் இறங்கி, கண்ணாடியில் ஏறி, கூரையைத் தாண்டிப் போனது. ஒரு சொட்டு மிச்சமில்லை. இரண்டு ஆர்டரும் அங்கேயே உறுதியாயின.

திரும்பும் வழியில், ஏன் சொல்லவில்லை என்று உங்களைக் கேட்டேன். "பூஜைக் குங்குமத்தாலதான் நின்னுதுன்னு மொத நாளே சொன்னா அந்தூட்டுக்காரங்களுக்கு எப்படியிருக்கும்ங்க? அதுவும் நான் சொல்றது" என்று கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டீர்கள். நீங்கள் சொல்ல முடியாதுதான். நான் சொல்லியிருக்கலாம். கை என்னுடையது, பொட்டு என்னுடையது, உங்களைக் குற்றம் சொன்ன வாயும் என்னுடையது. மலுமிச்சம்பட்டி தாண்டும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் கேட்ட ஒலி சென்சாரை வைத்திருந்தால், என் கையால் அப்பிய சந்தனத்தை அது வெறும் வெளி என்று நினைத்து, அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த கண்ணாடி மேல் நாசிலை இறக்கியிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, டீ குடிக்கலாம் என்றேன்.

அதற்குப் பிறகு கிணத்துக்கடவுக்காரர் புதிதாக யாரைக் கூட்டி வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவார். சென்சார் மேடம் முதல் நாள் சொதப்பியது, கார் சொட்டச் சொட்ட வந்து எல்லோரும் சிரித்தது. அன்போடுதான் சொல்லுவார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். நான் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் ஒருநாளும் கேட்காததால் உங்களுக்கு அது உறுத்தவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எப்படிப்பட்ட மிஷின் வேண்டவே வேண்டாம் என்றீர்களோ, அப்படி ஒருத்தியைப் பக்கத்து மேசையிலேயே வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை இதைச் சொல்லத்தான் வந்தேன். முதல் தடவை பேரிங் விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை உங்கள் மகன் பக்கத்தில் இருந்தான். மூன்றாம் தடவை நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், நர்ஸ் எழுப்ப வேண்டாம் என்றார்.

இன்று மதியம் கிணத்துக்கடவிலிருந்து அந்தப் பெண் வந்திருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அதே பிள்ளை, இப்போது தொழிலை அவள்தான் பார்க்கிறாள். பழைய மிஷின் இன்னும் ஓடுகிறது, ஆனால் வேகம் போதவில்லை, புதிதாக ஒன்று வேண்டும். கையில் வெளிநாட்டு மிஷின் படம் வைத்திருந்தாள். ஒலியால் அளக்கும் சென்சார், வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போகும் நாசில். "இந்த மாதிரி வேணுமுங்க ஆன்ட்டி. லைட் சென்சார் வேண்டாம்னு அப்பா சொல்லியுட்டாருங்க. மொத நாளே கால வாரிருச்சாமா" என்றாள்.

பதில் என்னிடம் இருந்தது. தொழிலில் எனக்குப் பதில் இல்லாத கேள்வி இப்போது அதிகமில்லை. ஒலி சென்சார் வைக்கலாம், வளைவை அது பார்க்கட்டும், இறங்கலாமா என்ற முடிவு மட்டும் ஒளியிடம் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து வயர் பண்ணும் வரைபடம் நீங்கள் போட்டு வைத்ததுதான். அதை விளக்கி ஆர்டர் வாங்கியிருக்கலாம். காலை வாரிருச்சு என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

உட்காரச் சொன்னேன். ஒலி சென்சார்தான் வேண்டும் என்று நான் நின்றதில் தொடங்கி, பொட்டு வைத்தது, நீங்கள் துணியை மடித்தது வரைக்கும் சொன்னேன். அவள் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நீங்க கேட்ட சென்சார் இருந்திருந்தா?" என்றாள். நாசில் கண்ணாடி மேல் இறங்கியிருக்கும் என்றேன். தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்று கேட்டாள். இடது பக்கம், அம்மா தைத்த பச்சைப் பாவாடையில் என்றேன். அப்பாவுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

அவரிடமும் முழுக்கச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார். "அந்தம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமுங்களே. நேர்ல போயி ஒரு வார்த்த கேட்டிருப்பேனுங்க." போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஆர்டரை அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள், ஒளி சென்சாரோடுதான். ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போய் உங்கள் மகனிடமும் சொல்கிறேன். பட்டறையில் நாளைக் காலையே சொல்லிவிடுவேன், நான் ஏன் கத்துகிறேன் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். எல்லோரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சொல்ல வேண்டிய ஆளிடம்தான் இவ்வளவு நேரம் காற்றையும் உப்புத்தண்ணீரையும் பேசிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிசகு என்னுதுங்க, அம்மணி.